கட்கி மக்களின் மூன்றாவது வாக்கு எங்கே?

புது தில்லி: மத்திய அரசிதழில் 2023 மார்ச் 17-ம் தேதி ஓர் அறிவிக்கை வெளியானது. நாட்டின் 57 கன்டோன்மென்ட் வாரியங்களுக்கு அந்த ஆண்டு ஏப்ரல் 30-ம் தேதி தேர்தல் நடைபெறும் என்று ஒரு மாதத்துக்கு முன்புதான் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்திருந்தது. அந்தத் தேர்தலை இந்த அறிவிக்கை ரத்து செய்தது. தலைநகர அரசியலில் அது பெரிய அலையை எழுப்பவில்லை. ஆனால், மகாராஷ்டிர மாநிலம் புணே நகரை ஒட்டியுள்ள கட்கியில் வசிப்போருக்கு அந்தச் சில வரிகளின் பொருள் மிகத் தெளிவாக இருந்தது. தங்கள் தெருவின் குடிநீருக்கும் சாக்கடைக்கும் பொறுப்பேற்கும் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு மீண்டும் ஒருமுறை அவர்களிடமிருந்து நழுவிப் போயிற்று.

மாநகராட்சிக்குத் தேர்தல் நடத்தாமல் காலம் கடத்தினால் அரசமைப்புச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாம். கட்கி மக்களுக்கு அந்த வழி ஏன் எளிதாக இல்லை? குடிமகன், வாக்காளர், பிரதிநிதித்துவம், உள்ளாட்சி என்று பள்ளிப் பாடநூலில் படித்த சொற்கள் கன்டோன்மென்ட் எல்லைக்குள் நுழைந்ததும் ஏன் வேறு பொருள் கொள்கின்றன?

போர்க்களம் ஊரான கதை: மும்பை - புணே ரயில் பாதையில், புணே சந்திப்பை நெருங்கும்போது வரும் நிலையம் கட்கி. ஆங்கிலேயர் இதை "கிர்க்கி' என்று எழுதினர். 1817 நவம்பர் 5-ம் தேதி பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையும் இங்குதான் மோதின. கம்பெனிப் படை வென்றது. அடுத்த சில நாள்களில் புணே நகரம் ஆங்கிலேயர் வசமாயிற்று. மறு ஆண்டு பேஷ்வா சரணடைந்தார். வென்ற படை இப்பகுதியில் நிலையாகத் தங்கியதால் உருவானதே கட்கி கன்டோன்மென்ட்.

1869-ல் இங்கு வெடிபொருள் தொழிற்சாலை நிறுவப்பட்டது. ராணுவப் பொறியாளர் படைப்பிரிவான பம்பாய் சாப்பர்ஸின் மையமும் இங்கேதான் உள்ளது. ஆலைகளிலும் ராணுவப் பிரிவுகளிலும் வேலை தேடி வந்து தங்கியவர்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. படைக்குப் பால் தருபவர், துணி தைப்பவர், கடை நடத்துபவர் என்று தொடங்கிய குடியிருப்பு, பல தலைமுறைகளில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் வாழும் நகரமாகிவிட்டது.

படை தங்கும் இடத்தைத் தமிழில் பாளையம் என்றனர். பாளையம் என்று முடியும் ஊர்கள் நம்மிடம் ஏராளம். படை போய்விட்டது; பெயர் மட்டும் நிலைத்தது. கட்கியிலோ படையும் இருக்கிறது, ஊரும் இருக்கிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அரசும் அரசாங்கமும்: அரசு நிலையானது, அரசாங்கம் மாறக்கூடியது என்பது அரசியல் அறிவியலின் முதல் பாடம். வாக்காளர் மாற்றுவது அரசாங்கத்தையே தவிர அரசை அல்ல. கட்கியில் இவ்விரண்டுக்கும் இடையிலான கோடு மங்கலானது. நிலத்தின் பெரும்பகுதிக்கு உரிமையாளர் மத்திய அரசு. பெரிய அளவில் வேலை தருவதும் அரசே. வெடிபொருள் தொழிற்சாலை 2021 அக்டோபர் முதல் "மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட்' என்ற மத்திய அரசு நிறுவனத்தின் கீழ் வந்துள்ளது. ஊரின் குப்பையை அள்ளுவதும், கட்டட வரைபடத்துக்கு அனுமதி தருவதும், பள்ளியையும் மருத்துவமனையையும் நடத்துவதும் மத்திய அரசின் சட்டப்படி இயங்கும் வாரியமே.

நிலக்கிழாரும் முதலாளியும் நகராட்சியும் ஒருவரேயாக இருக்கும் ஊரில், குடிமகனின் குரலுக்கு இடம் கொடுப்பது தேர்தல் ஒன்றுதான்.

மூன்று வாக்குகள்: இந்திய நகரவாசி ஒருவருக்கு மூன்று வாக்குகள் உண்டு. மக்களவைக்கு ஒன்று, சட்டப்பேரவைக்கு ஒன்று, உள்ளாட்சி அமைப்புக்கு ஒன்று. கட்கிவாசிகள் புணே மக்களவைத் தொகுதியிலும் சிவாஜிநகர் சட்டப்பேரவைத் தொகுதியிலும் மற்றவர்களைப் போலவே வாக்களிக்கின்றனர். அவர்களுடைய மூன்றாவது வாக்கு புணே மாநகராட்சிக்கு அல்ல; கட்கி கன்டோன்மென்ட் வாரியத்துக்கு. மூன்றில் வலுக்குறைந்தது அதுவே.

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை மத்திய, மாநில அரசுகளின் அதிகாரங்களைப் பட்டியலிடுகிறது. உள்ளாட்சி என்பது மாநிலப் பட்டியலின் 5-வது இனம். ஆனால், கன்டோன்மென்ட் பகுதிகளின் எல்லை வரையறை, அங்குள்ள உள்ளாட்சி, அதன் அமைப்புகளுக்குரிய அதிகாரம், வீட்டு வாடகைக் கட்டுப்பாடு வரையிலான அனைத்தும் மத்தியப் பட்டியலின் 3-வது இனத்தில் உள்ளன. எனவே, கட்கியின் தெருவிளக்கு குறித்துச் சட்டம் இயற்றும் அதிகாரம் மும்பையில் உள்ள சட்டப்பேரவைக்கு இல்லை. தில்லியில் உள்ள நாடாளுமன்றத்துக்கே உண்டு. கூட்டாட்சி என்னும் கோட்பாடு ஒரு தெருவின் நடுவே கோடு கிழிப்பதை இங்கு காணலாம். கோட்டின் ஒருபுறம் மாநகராட்சி, மறுபுறம் கன்டோன்மென்ட்.

1993 ஜூன் 1-ம் தேதி நடைமுறைக்கு வந்த 74-வது அரசமைப்புத் திருத்தம் நகராட்சிகளுக்குப் புதிய வாழ்வு அளித்தது. நகராட்சியின் காலம் ஐந்தாண்டுகள். அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்து முடிய வேண்டும். இடையில் கலைக்கப்பட்டால் ஆறு மாதங்களுக்குள் தேர்தல் வேண்டும். தேர்தலை நடத்தும் பொறுப்பு மாநிலத் தேர்தல் ஆணையத்துடையது என்று அத்திருத்தம் வகுத்தது. இந்தப் பாதுகாப்பு கன்டோன்மென்ட் வாரியங்களுக்கு அப்படியே கிடைக்கவில்லை.

1924-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2006-ம் ஆண்டு கன்டோன்மென்ட் சட்டம், வாரியத்தை நகராட்சியாகக் "கருத வேண்டும்' என்கிறது. ஆனால், மானியம் பெறுவது, மத்திய அரசின் நலத்திட்டங்களை நிறைவேற்றுவது ஆகிய நோக்கங்களுக்கு மட்டுமே அவ்வாறு கருத வேண்டும் என்று அடுத்த வரியிலேயே வரம்பு கட்டுகிறது. பணம் வாங்கும்போது நகராட்சி. தேர்தல் என்று வரும்போது வேறு என்பதுதான் இதன் நடைமுறைப் பொருள். தேர்தல் தேதியை அறிவிப்பதும் மத்திய அரசே. மாநிலத் தேர்தல் ஆணையம் அல்ல.

எட்டுக்கு எட்டு: மக்கள்தொகை 50 ஆயிரத்தைத் தாண்டிய கன்டோன்மென்ட்கள் முதல் வகையைச் சேர்ந்தவை. கட்கி அவற்றுள் ஒன்று. இவ்வகை வாரியத்தில் 16 உறுப்பினர்கள். எட்டுப் பேர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். மற்ற எட்டுப் பேர் பதவி வழியாகவோ நியமனத்தாலோ வருபவர்கள்: ராணுவ நிலையத் தளபதி, மாவட்ட ஆட்சியர் அல்லது அவரது பிரதிநிதி, தலைமை நிர்வாக அதிகாரி, சுகாதார அதிகாரி, செயற்பொறியாளர், நியமிக்கப்படும் மூன்று ராணுவ அதிகாரிகள்.

தளபதியே வாரியத்தின் தலைவர். தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கலாம். வாக்கெடுப்பில் இரு தரப்பும் சமமானால் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவரின் கூடுதல் வாக்கு முடிவு செய்யும். ராணுவத்தின் உடல்நலம், நலன், ஒழுங்கு, பாதுகாப்பு ஆகியவற்றுக்கு ஊறு என்று கருதினால், வாரியத்தின் முடிவை நிறுத்திவைத்து ராணுவ மண்டலத் தலைமைத் தளபதியின் பார்வைக்கு அனுப்பவும் தலைவருக்கு அதிகாரம் உண்டு. தொகுதியின் மக்களவை, சட்டப்பேரவை உறுப்பினர்கள் சிறப்பு அழைப்பாளர்கள் மட்டுமே; அவர்களுக்கு வாக்கு இல்லை.

சட்டம் இயற்றுபவர், நிறைவேற்றுபவர், தீர்ப்புக் கூறுபவர் என மூவரும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது அதிகாரப் பிரிவினைக் கோட்பாடு. உள்ளாட்சி அமைப்பில் இது முழுமையாகப் பொருந்தாது என்பது உண்மையே. மாநகராட்சியிலும் ஆணையர் அதிகாரிதான். ஆயினும் அங்கு மன்றத்தின் தலைமையிடத்தில் அமர்பவர், மக்கள் பிரதிநிதியான மேயர். கட்கியில் மன்றத்தின் தலைமையும் அதிகாரியுடையது. நிர்வாகத்தின் தலைமையும் அதிகாரியுடையது. தேர்ந்தெடுக்கப்பட்ட எட்டுப் பேரின் பலம் பெரும்பான்மையில் இல்லை. கேள்வி கேட்பதில் உள்ளது. குறையுள்ளதாயினும் அந்தச் சமநிலையால் ஊரின் குறை மேசைக்கு வந்தது. கூட்டக் குறிப்பில் பதிவாயிற்று.

எட்டு பூஜ்யமான விதம்: கட்கியில் கடைசியாக வாரியத் தேர்தல் நடந்தது 2015 ஜனவரியில். ஐந்தாண்டுக் காலம் 2020 பிப்ரவரியில் முடிந்தது. நிர்வாகச் சிரமத்தைத் தவிர்க்க, உறுப்பினர்களின் காலத்தை ஓராண்டு வரை நீட்டிக்கச் சட்டம் இடம் தருகிறது. அதன்படி ஆறு ஆறு மாதங்களாக இருமுறை நீட்டிக்கப்பட்டு, 2021 பிப்ரவரியில் அதுவும் முடிந்தது. பிறகு சட்டத்தின் 13-வது பிரிவு கையில் எடுக்கப்பட்டது.

ராணுவ நடவடிக்கைகளுக்காகவோ, கன்டோன்மென்ட் நிர்வாகத்தின் பொருட்டோ தேவை என்று கருதினால், வாரியத்தின் அமைப்பையே மாற்றிவிட இப்பிரிவு மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. மாற்றியமைக்கப்பட்ட வாரியத்தில் மூவர் மட்டுமே: தளபதி, தலைமை நிர்வாக அதிகாரி, மத்திய அரசு நியமிக்கும், அரசுப் பணியில் இல்லாத ஒருவர். ஊர் மக்களின் குரலாக எட்டுப் பேர் இருந்த இடத்தில், மக்கள் தேர்ந்தெடுக்காத ஒருவர். இந்த ஏற்பாடு சாதாரணமாக ஓராண்டைத் தாண்டக்கூடாது என்கிறது சட்டம். அதே மூச்சில், ஒவ்வொரு முறையும் ஓராண்டு வரை நீட்டித்துக் கொள்ளலாம் என்றும் சொல்கிறது. எத்தனை முறை என்று சொல்லவில்லை. விதிவிலக்குக்கு எல்லை வகுக்காவிட்டால் விதிவிலக்கே விதியாகிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2023-ல் தேர்தல் அறிவிக்கப்பட்டபோது அந்த இடைவெளி முடிவுக்கு வரும் என்ற நம்பிக்கை பிறந்தது. மார்ச் 17 அறிவிக்கை அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. 2015-ல் பதினைந்து வயதுச் சிறுமியாக இருந்தவர், 2018-ல் 18 வயதை எட்டி, 2019-ல் மக்களவைக்கும் சட்டப்பேரவைக்கும் வாக்களித்திருப்பார். 2024-ல் இரண்டாவது முறையும் வாக்களித்திருப்பார். தன் வட்டத்தின் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு மட்டும் அந்த ஆண்டுகளில் அவருக்குக் கிட்டவில்லை.

யார் வாக்காளர்?: தேர்தல் நடந்தாலும் எல்லோரும் வாக்களித்துவிட முடியுமா என்பது அடுத்த கேள்வி. மக்களவை, சட்டப்பேரவைத் தேர்தல்களில் ஓரிடத்தில் "சாதாரணமாக வசிப்பவர்' என்பதே அடிப்படை. சொந்த வீடு வேண்டியதில்லை. நடைபாதையில் உறங்குபவரும் வாக்காளராகலாம். கன்டோன்மென்ட் சட்டமும் 18 வயது நிறைந்து, ஆறு மாதங்கள் குடியிருந்தவருக்கு வாக்குரிமை என்றே கூறுகிறது.

ஆனால், மத்தியப் பிரதேச மாநிலம் பச்மடி கன்டோன்மென்ட் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் அளித்த தீர்ப்பு இதன் பொருளைச் சுருக்கிவிட்டது. வீட்டு எண் வழங்கப்படாத, ஆக்கிரமிப்பு நிலத்தில் எழுந்த வீடுகளில் வசிப்போர் கன்டோன்மென்ட் வாக்காளர் பட்டியலில் இடம்பெற உரிமை கோர முடியாது என்று நீதிமன்றம் கூறியது. பாதுகாப்புத் துறை நிலத்தில் ஆண்டுக்கணக்கில் குடிசை போட்டு வாழ்வோர் கட்கியிலும் உண்டு. ஒரே குடிசையில் வசிக்கும் ஒருவர் பிரதமரைத் தீர்மானிக்கும் தேர்தலில் வாக்காளர். தன் தெருக் குழாயைத் தீர்மானிக்கும் தேர்தலில் வாக்காளர் அல்லர்.

நீதிமன்றத்தின் வாதத்திலும் வலு உண்டு. ஆக்கிரமிப்புக்கு வாக்குரிமை தந்தால், வாக்குக்காக ஆக்கிரமிப்பைக் காக்கும் அரசியல் தலையெடுக்கும். மறுபுறத்தில், குடிநீருக்கும் கழிப்பிடத்துக்கும் உள்ளாட்சியை மற்றவர்களைவிட அதிகமாக நம்பியிருப்பவர்கள் குடிசைவாசிகளே. நிலத்தின் மீது அவர்களுக்கு உரிமை உண்டா என்பது ஒரு கேள்வி; தங்களை ஆளும் அமைப்பில் அவர்களுக்குக் குரல் உண்டா என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் ஒரே கதவு எண்ணில் கட்டிப்போட்டதால், முதல் கேள்வியில் தோற்றவர் இரண்டாவதையும் இழக்கிறார்.

வரியும் வாய்ப்பும்: பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை என்ற முழக்கம் 18-ம் நூற்றாண்டில் அமெரிக்கக் குடியேற்றங்களில் எழுந்து, ஒரு பேரரசையே அசைத்தது. கட்கிவாசி வாரியத்துக்குச் சொத்து வரி செலுத்துகிறார். மத்திய அரசின் முன் அனுமதியுடன் வரி விதிக்கும் அதிகாரம் வாரியத்துக்கு உண்டு. எட்டு உறுப்பினர்கள் இருந்தபோது வரி உயர்வை எதிர்த்து மன்றத்துக்குள்ளேயே வாதாட முடிந்தது. மூவர் வாரியத்தில் அதற்கு வாய்ப்பு அநேகமாக இல்லை.

வாரியத்தின் பெட்டியும் நிறைந்து வழியவில்லை. மத்திய அரசின் சொத்துகளுக்கு உள்ளாட்சி வரி விதிக்க அரசமைப்புச் சட்டத்தின் 285-வது பிரிவு தடை விதிக்கிறது. ஊரின் பெரும்பகுதி பாதுகாப்புத் துறையின் நிலம் என்பதால், வரிக்குப் பதிலாக மத்திய அரசு தரும் சேவைக் கட்டணத்தையும் மானியத்தையும் வாரியம் எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. 2017-ல் சரக்கு - சேவை வரி வந்தபின், உள்ளூர் வரி வருவாய்க்கான வழிகள் மேலும் சுருங்கின. தன் கையில் வருவாய் இல்லாத உள்ளாட்சி, மேலே உள்ளவர்களுக்குக் கணக்குச் சொல்லுமே தவிர, கீழே உள்ளவர்களுக்குச் சொல்லாது.

ராணுவத்தின் நியாயம்: ராணுவத் தரப்பின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. படை முகாமுக்கும் வெடிபொருள் கிடங்குக்கும் அருகே யார் எவ்வளவு உயரத்தில் கட்டடம் எழுப்பலாம் என்பதை வட்ட அரசியலின் கையில் விட்டுவிட முடியாது. கன்டோன்மென்ட்களில் இன்று காணும் மரங்களும் அகன்ற சாலைகளும் அந்தக் கட்டுப்பாட்டின் பயனே. குடிமக்களின் சாக்கடைக்குப் பொறுப்பேற்பது படைத் தளபதியின் வேலையா என்ற கேள்வியை ராணுவத் தரப்பும் எழுப்பக்கூடும். போருக்குப் பயிற்சி பெற்ற அதிகாரி குப்பை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுக் கொண்டிருப்பதால் யாருக்கும் நன்மை இல்லை.

இந்தச் சிந்தனையிலிருந்தே பிரித்தெடுக்கும் திட்டம் பிறந்தது. 2023 ஏப்ரல் இறுதியில் ஹிமாசலப் பிரதேசத்தின் காஸ் யோல், கன்டோன்மென்ட் தகுதியிலிருந்து நீக்கப்பட்டது. 62 ஆக இருந்த கன்டோன்மென்ட்களின் எண்ணிக்கை 61 ஆகியது. மக்கள் வாழும் சிவில் பகுதிகளைப் பிரித்து அருகிலுள்ள மாநில நகராட்சிகளுடன் இணைப்பதற்கான நெறிமுறைகளைப் பாதுகாப்பு அமைச்சகம் 2024-ல் வகுத்தது. குடிமைப் பணிகளுக்கான சொத்துகள் கட்டணமின்றி நகராட்சிக்கு மாற்றப்படும். வாரியத்தின் கடன்களும் பொறுப்புகளும் சேர்ந்தே செல்லும். மத்திய அரசுக்கு நில உரிமை உள்ள இடங்களில் அது தொடரும் என்பன அவற்றின் சாரம். கட்கியைப் புணே மாநகராட்சியுடன் இணைப்பதும் பேசப்பட்டது.

இது புதுமையன்று. பெங்களூரின் சிவில் - ராணுவ நிலையம் 1949-ல் நகரத்துடன் இணைக்கப்பட்டு மாநகராட்சி உருவானது. திருச்சியில் "கன்டோன்மென்ட்' என்பது இன்று ஓர் இடப்பெயர், அங்கு மாநகராட்சியே ஆள்கிறது. தமிழகத்தில் எஞ்சியுள்ள கன்டோன்மென்ட்கள் இரண்டு: பரங்கிமலை - பல்லாவரம், நீலகிரியின் வெலிங்டன். கட்கியில் எழும் கேள்விகள் அங்கு வாழ்வோருக்கும் உரியவை.

இணைப்பு மட்டும் போதுமா?: மாநகராட்சியுடன் இணைந்தால் வாக்கு தானாகத் திரும்பிவிடும் என்று எண்ணுவதற்குமில்லை. புணே மாநகராட்சி மன்றத்தின் காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. இடஒதுக்கீடு, வட்ட மறுவரையறை தொடர்பான வழக்குகளால் தேர்தல் தள்ளிப்போயிற்று. மகாராஷ்டிர உள்ளாட்சித் தேர்தல்களை நடத்துமாறு உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் உத்தரவிட்ட பிறகு, 2026 ஜனவரியில்தான் புணே மக்கள் மாமன்றத்துக்கு வாக்களித்தனர். தமிழகத்தின் நிலையும் பெருமைக்குரியதன்று. 2016 அக்டோபரில் காலம் முடிந்த நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. அந்த ஐந்தாண்டுகளுக்கு மேற்பட்ட காலம் தனி அதிகாரிகளின் ஆட்சியே.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. புணேயிலும் தமிழகத்திலும் நடந்த தாமதம் அரசமைப்புச் சட்டத்துக்கு மாறானது. அதனால்தான் நீதிமன்றம் கேள்வி கேட்டது, அரசுகள் விளக்கம் தர நேர்ந்தது. கட்கியில் நடந்த தாமதத்துக்குச் சட்டமே இடம் தருகிறது. ஒன்று மீறப்பட்ட உரிமை. மற்றொன்று, இன்னும் முழு உரிமையாக எழுதப்படாத ஓர் ஏற்பாடு. மீறலைத் திருத்த நீதிமன்றம் போதும். ஏற்பாட்டைத் திருத்த நாடாளுமன்றம்தான் வேண்டும்.

நாடாளுமன்றம் செய்ய வேண்டியவை பெரிய புரட்சிகள் அல்ல. 13-வது பிரிவின் நீட்டிப்புக்கு இறுதி வரம்பு வகுக்கலாம். தேர்தல் தேதியைத் தீர்மானிக்கும் பொறுப்பை, நிலத்தின் உரிமையாளரான அமைச்சகத்திடமிருந்து சுதந்திரமான தேர்தல் ஆணையத்துக்கு மாற்றலாம். இணைப்பு முடிவாகும் வரை சிவில் பகுதிகளுக்காவது தேர்ந்தெடுக்கப்பட்ட குழு ஒன்றை அமைக்கலாம். அத்தகைய குழுவுக்கு 2006-ம் ஆண்டுச் சட்டத்திலேயே இடமுண்டு. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் இல்லாததால்தான் அது வெறும் எழுத்தாகிவிடுகிறது.

சட்டத்தின் ஆட்சி என்பது, சட்டப்படி எல்லாம் நடக்கிறது என்பதோடு முடிந்துவிடுவதில்லை. ஆளப்படுபவர் கேட்கவும், ஆள்பவர் பதில் சொல்லவும் கட்டாயம் இருக்க வேண்டும். கட்கியில் 2021-க்குப் பின் வாரியத்தின் கையெழுத்துகள் அனைத்தும் சட்டப்படி செல்லத்தக்கவை. மழைக்காலத்தில் சாக்கடை நிரம்பித் தெருவில் ஓடும்போது, "நான்தானே உனக்கு வாக்களித்தேன்' என்று யாருடைய வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதற்கு மட்டும் அந்தச் சட்டத்தில் பதில் இல்லை.